மூச்சு வாங்க ஓர் இடம்

நீங்கள் கொடுத்த பால் இல்லாத கட்டன்சாயா இந்தக் குளிருக்கு இதமாக இருக்கிறது, சார். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

தவிலில் கையை எவனும் பழக்கிவிடலாம். காதைப் பழக்குவதுதான் கஷ்டம். உடும்பஞ்சோலை ஏலத்தோட்டப் பக்கம் பதினாறு வருஷமாக நான் தவில், அருள்குமார் நாதஸ்வரம். எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்று அவனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். அங்கே நான் அடியை நிறைத்து, மூச்சு வாங்க இடம் கொடுப்பேன். அவன் அம்மா செத்த மறுமாசம் ஒரு கல்யாணத்தில் வாசித்தோம். அவனுக்குள் அழுகை முட்டியது எனக்கு மட்டும்தான் கேட்டது. மொக்கையன் இரக்கக்காரன் என்று என்னைச் சொல்வார்கள். வாத்தியம் கொடுத்த குணம், சார்.

இந்தத் தை மாசம் அவன் வாசிப்பு மாறியது. வழக்கமான இடத்தை விட்டு வேறெங்கோ நிறுத்தினான். வேறொரு கைக்காக நிறுத்துகிறான் என்று தோன்றியது. கேட்டேன்.

"யாரு கூடடா புதுசா வாசிச்சுப் பழகுற?"

"அட போங்கண்ணே, ஒங்கள விட்டுட்டு நான் எங்க போவேன்? சளி புடிச்சிருக்குண்ணே, மூச்சு நிக்க மாட்டேங்குது."

மறுவாரம் போடியில் நடந்த ஒரு கல்யாண வீடியோ என் போனுக்கு வந்தது. அருள்குமார் பக்கத்தில் தவிலோடு பூபதிராஜா என்கிற ஒருத்தன். வேறு ஆளைச் சேர்த்ததைக்கூட விட்டிருப்பேன். என் முகத்துக்கு நேரே பொய் சொன்னானே, அதைத்தான் விட முடியவில்லை, சார்.

நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற நாணல் துண்டுக்குச் சீவாளி என்று பேர். அதை டம்ளர் தண்ணீரில் நனைத்துக் கொடுப்பது என் வேலை. அவன் பார்க்கக்கூட மாட்டான், கையை மட்டும் நீட்டுவான். அம்மன் கோயில் திருவிழா அன்றைக்கு, தண்ணீருக்குப் பதில் ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தில் நனைத்தேன்.

நாற்றம் பிடித்த மருந்து அது. சளி என்று சொன்னது பொய்யென்றால் நாற்றம் தெரிந்து அவனே துப்பிவிட்டுத் தப்பிக்கட்டும் என்று ஒரு வழியும் வைத்திருந்தேன். அவன் அப்படியே வாயில் வைத்தான். சளி நிஜம்தான் போலிருக்கிறது. அது ஒன்றில் என் காது தவறிவிட்டது.

பாட்டின் பாதியில் அவன் மூச்சு இழுத்தது. கூட்டத்தில் எவனுக்கும் தெரியுமுன் எனக்குக் கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வழக்கம்போல அடியை நிறைத்து, அவனுக்கு மூச்சு வாங்க இடம் கொடுத்தேன். அவன் விழுந்து மூச்சு அடங்குகிற வரைக்கும் கையை நிறுத்தவே இல்லை.

இரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார்.