ஒரு கட்டில் கேட்டா ரெண்டு கட்டில்

...நீங்க ஏசிய ரிப்பேர் பாருங்கண்ணே, நான் பாட்டுக்குப் புலம்பிட்டிருக்கேன். நல்லா ஓடிட்டிருந்தத ஜாவாவுக்கு மாத்தச் சொல்லி யாரு கேட்டாங்க?

கட்டில் விக்கிற கம்பெனி இது. ஆர்டர் வந்தா கிடங்குக்குப் போகணும், அங்கேருந்து லாரிக்காரருக்குப் போகணும். அதுக்கு இன்டெக்ரேஷன் ஃப்ரேம்வொர்க்னு ஒரு சாஃப்ட்வேர். எது எங்க போகணும்ங்கிறத பத்து வருஷமா நான் எக்ஸ்எம்எல் ஃபைல்ல எழுதி வச்சிருந்தேன். நாலாயிரம் வரி. எனக்கு மட்டும்தான் புரியும்... அதுல ஒரு மரியாதை இருந்துச்சு.

போன வருஷம் டீம் லீடா வந்து சேர்ந்தது யாரு? என் மச்சினி. என் கல்யாண ஃபோட்டோல மூக்கு ஒழுக நிக்கிறவ. வந்த மூணாம் நாளே, எக்ஸ்எம்எல் வேணாம் மாமா, எல்லாத்தையும் ஜாவா கோடுலயே எழுதிடுங்க, தப்பு இருந்தா அப்பவே காட்டிக் குடுத்துடும்னா. ஆபீஸ்ல மாமான்னு கூப்பிடாதேன்னா கேக்க மாட்டா. வீட்ல வந்து சொன்னா, தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்கிறா என் பொண்டாட்டி.

எழுதினேன். ரெண்டு மாசம்ணே. நாலாயிரம் வரி அறுநூறாச் சுருங்கிடுச்சு. யாரு படிச்சாலும் புரியுது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

திங்கக்கிழமை ஓட விட்டோம். மறுநாள் ஃபோன் மேல ஃபோன். ஒரு கட்டில் கேட்ட வீட்டுக்கெல்லாம் ரெண்டு கட்டில். ஒத்த ரூம்ல குடியிருக்கிற வாத்தியார் ஒருத்தர், உள்ள போக வழியில்லாம வாசல்ல நின்னு பேசறார்.

எல்லாரும் மச்சினியத்தான் பார்த்தாங்க. நானும், ஜாவா வேணாம்னு அப்பவே சொன்னேனேன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்... அவ ரெண்டு நாளா சாப்பாட்டு டப்பாவத் திறக்காம வரி வரியாத் தேடறா. இன்னிக்குக் காலைல, கோடுல தப்பே இல்லியே மாமான்னு என்கிட்டயே கேக்கறா.

இல்லதாண்ணே. ஜாவாவுல தப்பு இல்ல. அந்தப் பழைய எக்ஸ்எம்எல் ஃபைல அவ அழிக்கச் சொன்னா... எனக்கு மனசு வரல. ஓரமா விட்டு வச்சேன். அதுவும் சேர்ந்து ஓடியிருக்கு. புதுசு ஒரு ஆர்டர் அனுப்புது, பழசு அதே ஆர்டர அனுப்புது. அரை மணி முன்னாடிதான் கண்டுபிடிச்சேன். அழிச்சுட்டு நேரா இந்த ரூமுக்கு வந்து உங்களப் பிடிச்சுக்கிட்டேன்.

மூணு மணிக்கு மேனேஜர் அவளக் கூப்பிட்டிருக்கார். வேலைக்கே உலை வைப்பார் போலிருக்கு. மணி என்ன... ரெண்டே முக்காலா?

அப்படிப் பார்க்காதீங்கண்ணே. போறேன். அவ உள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன். மேனேஜர் என்ன, கத்துவார், அவ்வளவுதானே.

வீட்ல என் பொண்டாட்டிகிட்ட மட்டும் மச்சினியவே சொல்லச் சொல்லிடறேன். அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் பத்தாது.