டேங்க் வாசலில் ஏழு நிமிஷம்

— அண்ணனோட அந்த நீலச் சட்டையை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க அண்ணி.

— குடுத்தாலும் யாரு வாங்குவா? எத்தனை தடவை துவைச்சாச்சு, இன்னும் கச்சா எண்ணெய் வாடை. கல்யாணமான புதுசுல, இந்த மனுஷன் உடம்பே அப்படித்தானோன்னு நினைச்சேன்.

— எங்க வீட்ல என்னைப் பின்பக்கமா வந்து குளிச்சுட்டுத்தான் உள்ள வரச் சொல்வா.

— உங்க வீட்டுக்காரி கெட்டிக்காரி. சரி, மேல இருக்கற பெட்டியை இறக்குங்க. மெதுவா... இடுப்பு பிடிச்சுக்கப் போகுது.

— இது அண்ணன் ஹெல்மெட்டாச்சே. அட, உள்பக்கம் என் கையெழுத்து இன்னும் அழியல. ‘உள்ளே காலி’ன்னு எழுதி வெச்சேன்.

— எழுதினது நீங்களா? இத்தனை வருஷமா அவரு என்னைத்தானே சந்தேகப்பட்டாரு.

— சாப்பாட்டு நேரத்துல அண்ணன் சிரிச்சா மூணு எண்ணெய் டேங்க் தள்ளிக் கேக்கும்.

— ம்... அவரு போய் நாலு மாசமாச்சு. வீட்ல சத்தமே இல்ல தம்பி. அதான் நாளைக்குப் பசங்க எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன். சித்தப்பா அந்த டேங்க் கதையைச் சொல்லியே ஆகணும்னு சின்னவ சொல்லிட்டா. நீங்க உள்ள இறங்கி அவங்கப்பாவைத் தூக்கிட்டு வந்த கதை.

— அது வேண்டாம் அண்ணி.

— ஏன், வெக்கமா?

— இல்ல... இருபத்தெட்டு வருஷமா ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். உக்காருங்க.

— நின்னாலும் காது கேக்கும். சொல்லுங்க.

— அது எண்ணெயை வடிச்சுட்ட டேங்க். அடியில முழங்கால் அளவுக்குக் கறுப்புச் சேறு, அதை வாரணும். காலையில மீட்டர் வெச்சுப் பாத்தோம், விஷ வாயு இல்லன்னு காட்டுச்சு. அண்ணன் உள்ள போனாரு. ஒரு ஆள் குனிஞ்சு நுழையற வாசல். வெளிய நான், கையில கயிறு. மறு முனை அவரு இடுப்புல. நான் ஒரு தடவை இழுத்தா அவரும் ஒரு தடவை இழுக்கணும்.

— அதெல்லாம் அவரே சொல்லியிருக்காரு.

— சேத்தைக் கிளறக் கிளற அடியில அடைஞ்சிருந்த வாயு கிளம்பிடுச்சு. மொதல்ல அழுகின முட்டை மாதிரி நாத்தம் வரும். அப்புறம் மூக்கு மரத்துடும், நாத்தம் போயிடுச்சேன்னு ஆளு ஏமாந்துடுவான். நான் கயிறை இழுத்தேன்... பதில் வரல. எட்டிப் பாத்தா, சாஞ்சு கிடக்காரு. கயிறு ஒரு இரும்புத் தூண்ல சிக்கிக்கிச்சு. இழுத்தா அசையவே இல்ல.

— உடனே நீங்க உள்ள...

— போகல அண்ணி. விசில் ஊதினேன். ரேடியோல ஆளைக் கூப்பிட்டேன். காத்து ஊதற குழாயை உள்ள தள்ளி, அவரு முகத்துப் பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான். காத்து சிலிண்டர் மாட்டின ஆளுங்க வர ஏழு நிமிஷம் ஆச்சு. அந்த ஏழு நிமிஷமும் நான் வாசல்லயேதான் நின்னேன்.

— உள்ள போகக் கூடாதுன்னுதானே உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க?

— ஆமா. முகமூடி இல்லாம போனா போனவனும் விழுவான். தெரியும். ஆனா அன்னிக்குத் தெரிஞ்சு நின்னேனா, பயந்து நின்னேனா... இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியல.

— அவர்கிட்ட இதைச் சொல்லலையா?

— சொல்லத்தான் வந்தேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்த மறுநாள். நுழையறப்பவே உங்க மாமியார் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, “உசிரைப் பாக்காம உள்ள போயி என் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தியே”ன்னு அழுதாங்க. அண்ணனும் மறுத்து ஒண்ணும் சொல்லல. மயங்கிக் கிடந்தவருக்கு என்ன தெரியும், யாரோ தப்பா சொன்னதை நம்பிட்டாருன்னு நினைச்சேன். எனக்கு வாய் வரல... அப்புறம் வருஷா வருஷம் கதை வளந்துக்கிட்டே போச்சு. கடைசி வரைக்கும் அதை நம்பிக்கிட்டே போயிட்டாரு. நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி எப்படி அண்ணி...

— மொதல்ல இந்தத் தண்ணியைக் குடிங்க.

— திட்டணும்னா திட்டிடுங்க.

— அவரு ஒண்ணும் நம்பிக்கிட்டுப் போகல. கண்ணு முழிச்ச அன்னிக்கே பாதுகாப்பு அதிகாரி வந்து நடந்ததை எல்லாம் சொல்லிட்டாரு. “அவன் உள்ள வந்திருந்தா ரெண்டு பொணம். பல்லைக் கடிச்சுக்கிட்டு வெளிய நின்னு குழாயைத் திருப்பினான் பாரு, அதனாலதான் நான் பிழைச்சேன்”னு என்கிட்ட சொன்னாரு.

— அப்ப... நான் உள்ள போனேன்னு சொன்னது யாரு?

— என் மாமியாருக்கு அது புரியல. “என் பிள்ளை சாகக் கிடந்தப்ப நின்னு வேடிக்கை பாத்தானா, இனி இந்தப் படி ஏறக்கூடாது”ன்னு ஒரே பிடியா நின்னாங்க. நீங்க பாக்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும், அவரையும் மறுக்க வேண்டாம்னு சொல்லிட்டு, நான்தான் தம்பி அந்தக் கதையைக் கட்டினேன்.