மாமா தூங்கிய இரவுகள்

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் கால்தான் வலிக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், மேடம். முதலில் வலிப்பது உட்காருகிற இடம். அப்புறம் உள்ளங்கை, பிடரி. கால் கடைசியில்தான் வரும். ஆனால் இரவு முழுக்க ஓட்ட வேண்டுமென்றால் இந்த வலியெல்லாம் ஒன்றுமே இல்லை. தூக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பயிற்சி என்பது அதற்குத்தான்.

போன தடவை இந்த ஸ்டேஷனில் இதே நாற்காலியில் உட்கார்ந்து வாக்குமூலம் கொடுத்தபோது பயிற்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்று அங்கிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

என் வேலை ஆழ்வார்பேட்டையில், ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். பெசன்ட் நகரில் நாங்கள் குடியிருப்பது மாமாவின் வீடு. மனைவி சான்ட்ரா மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். வருடத்தில் ஒரு மாதம் வருவாள். அவளுடைய அப்பாவைத்தான் மாமா என்கிறேன். பிரகாசம் வாத்தியார் என்றால் எங்கள் சர்ச் பங்கில் தெரியாதவர் கிடையாது. கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். மாமி இறந்த பிறகு அவருக்கு மறதி வந்தது. 'ஹோமில் சேர்க்க மாட்டேன், நீ பார்த்துக்கொள்வாயா?' என்று சான்ட்ரா என்னைக் கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

பகலில் வேலம்மா இருப்பாள். அவள் முன்பு அடையாற்றங்கரையில் குடியிருந்தவள். அங்கிருந்து எல்லாரையும் காலி செய்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் பஸ் பிடித்து வந்து, மாமாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, பேச்சுக் கொடுத்துவிட்டு, நான் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் போவாள். இரவு என் பொறுப்பு.

பகலில் மாமா சாதுவாக இருப்பார். இருட்டியதும் வேறு ஆளாகிவிடுவார். நடுராத்திரியில் சட்டையை மாட்டிக்கொண்டு என் கட்டிலருகே வந்து நிற்பார்.

"ஸ்டீவ், பெல் அடிச்சாச்சுப்பா. பிள்ளைங்க வெயில்ல நிக்குது."

"மாமா, இன்னிக்கு லீவு."

"யாரு விட்டா லீவு? எனக்குச் சொல்லாம எப்படி விடுவாங்க?"

இதற்குப் பதில் சொல்லிச் சமாதானப்படுத்திப் படுக்க வைத்தால், கண்ணை மூடுவதற்குள் மறுபடியும் பெல் அடித்துவிடும். ஒரு தடவை நான் அசந்து தூங்கிய நேரத்தில் வெளியே போய்விட்டார். பக்கத்தில் கடற்கரையில் இருக்கிற வேளாங்கண்ணி மாதா கோவில் வாசலில் மீன்காரர்கள் பார்த்துக் கூட்டிவந்தார்கள். அன்றைக்கு நான் அவரைத் திட்டவில்லை, மேடம். காலைக் கழுவிவிட்டுப் படுக்க வைத்தேன். இப்படி இரண்டு வருடம். நான் கெட்டவனாக இருந்துதான் இதெல்லாம் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதால்தான் சைக்கிள் வாங்கினேன். என்னோடு வேலை பார்க்கும் ராகேஷ் ஒரு கும்பலில் என்னைச் சேர்த்துவிட்டான். காலையில் வேலம்மா வந்ததும் கிளம்பி கோவளம் வரை போய்த் திரும்புவோம். கடலோரமாகப் போகிற அந்த நேரத்தில் என்னை யாரும் எழுப்பவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாற்பத்தாறு வயதில் எனக்கென்று ஒன்று கிடைத்தது போலிருந்தது.

பிறகு ராகேஷ் அந்தப் பெரிய ஓட்டத்தைப் பற்றிச் சொன்னான். நானூறு கிலோமீட்டர். திருவான்மியூரில் சாயங்காலம் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி தாண்டி, சிதம்பரம் போய்த் திரும்ப வேண்டும். மறுநாள் இரவுக்குள் முடிக்க வேண்டும். பந்தயம் இல்லை, முதல் பரிசு இல்லை. நேரத்துக்குள் முடித்தவர், முடிக்காதவர், அவ்வளவுதான்.

"பகல்ல ஓட்டறதெல்லாம் கணக்கே இல்ல மச்சி," என்றான். "நைட்டு ஓட்டிப் பழகு. கண்ணு சொக்கும்போது வண்டி எங்க போகுதுன்னே தெரியாது. அதப் பழகாம வந்தா செத்துருவ."

இரவில் ஓட்டிப் பழக வேண்டும். என் இரவோ மாமாவிடம் இருந்தது.

மாமாவுக்கு டாக்டர் ஒரு தூக்க மாத்திரை எழுதித் தந்திருந்தார். ரொம்ப முடியாத நாளில் மட்டும் பாதி கொடுங்கள் என்றார். சான்ட்ரா நர்ஸ் அல்லவா, போனில் அதற்கும் ஒரு எச்சரிக்கை சொன்னாள்: "டாடிக்கு நெஞ்சு வீக். மூச்சுக்கு ஆகாது. சும்மா சும்மா குடுத்துடாத, ஸ்டீவ்." எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று இனி நான் சொல்ல முடியாது. அதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை பாதிதான் கொடுத்தேன், பாலில் கலந்து. அவர் தூங்கியதும் வெளியிலிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமல்லபுரம் வரை போய்விட்டு விடியுமுன் திரும்பினேன். சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன். மாமா படுத்த மேனிக்கு, தலையணைகூட நகராமல் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பயத்தில் என்றுதான் அன்று நினைத்தேன். இல்லை, சந்தோஷத்தில்.

அடுத்த தடவை இன்னும் தூரம் போனேன். தூரம் கூடினால் நேரமும் கூடும். நேரம் கூடினால் பாதி போதாது. இது சாதாரணக் கணக்குதான்.

வேலம்மாதான் முதலில் கவனித்தாள்.

"இன்னா சார், அய்யா கஞ்சிய வாய்லயே வச்சினு கீறாரு. முயுங்க மாட்றாரு. நட்க்கச் சொல்லோ தள்ளாட்றாரு. நைட்ல புச்சா எதுனா மாத்திர குட்க்கிறீங்களா?"

"சத்து மாத்திரை," என்றேன். "வயசாகுதுல்ல, வேலம்மா."

அவள் என்னை நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? மாமா தூங்குகிறார், நான் முன்பைவிடச் சிரித்துப் பேசுகிறேன், வீடு அமைதியாக இருக்கிறது.

ஒரு ஞாயிறு விடியலில் நான் திரும்பியபோது கதவு முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே கதவை ஒட்டி மாமா தரையில் கிடந்தார். சட்டை போட்டிருந்தார், பொத்தான்கள் மாறிப் போயிருந்தன. நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. எவ்வளவு நேரம் கதவைத் தட்டினாரோ தெரியாது. கைமுட்டிகள் சிவந்திருந்தன.

"பூட்டிட்டாங்கப்பா," என்றார். "உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க."

"யாரு மாமா?"

என் முகத்தை உற்றுப் பார்த்தார். என்னைத் தெரிந்துகொண்டாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. "நீ நல்ல பையன். உனக்குத் தெரியாது," என்றார்.

சான்ட்ராவிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டார் என்று சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் அதோடு சைக்கிளை விற்றிருப்பார்கள். நானும் அன்று பகல் முழுக்க அதைத்தான் யோசித்தேன். சாயங்காலத்துக்குள் எனக்கு வேறு ஒன்று தோன்றிவிட்டது: பாதி மயக்கத்தில் எழுந்ததால்தானே விழுந்தார்? எழாமலே இருந்தால் அடிபடாதே. அவர் விழக்கூடாது என்பதற்காகத்தான் அளவைக் கூட்டினேன். இதை எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் சரியாகத்தான் பட்டது.

ஓட்டத்துக்கு முந்தின வாரம் வேலம்மாவை ஒரு ராத்திரி தங்கச் சொன்னேன். அவள் மகள் தமிழ்நிலாவுக்குப் பரீட்சை நேரம். தயங்கினாள்; பிறகு, "நீங்களும் எப்பயோ ஒரு தபா வெளிய போறீங்க, போய்ட்டு வாங்க சார்," என்றாள். அந்த 'எப்பயோ ஒரு தபா' எனக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை சாயங்காலம் பாலை நானே கலந்தேன். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகம். வேலம்மா ஒல்லியானவள், மாமா எழுந்து முரண்டு பிடித்தால் அவளால் தாங்க முடியாது. அதோடு, அவர் எழுந்தால் அவள் என்னைக் கூப்பிடுவாள், நான் பாதியில் திரும்ப வேண்டியிருக்கும். இரண்டு காரணமும் இருந்தன. எது முதலில் இருந்தது என்று நீங்கள் கேட்டால், இரண்டாவதாகச் சொன்னதுதான்.

"அய்யா நல்லாத் தூங்குவார். எழுப்பாதே," என்று வேலம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த ஓட்டம் நன்றாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. மரக்காணம் தாண்டி உப்பளங்கள் நிலாவில் வெள்ளையாகக் கிடந்தன. எனக்குத் தூக்கமே வரவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு டீக்கடைதான் சோதனைச் சாவடி. அங்கே நம் அட்டையில் முத்திரை குத்துவார்கள். முத்திரை வாங்கிக்கொண்டு டீயைக் கையில் எடுத்தபோது போன் வந்தது.

"சார், அய்யாவுக்கு மூச்சு இஸ்துக்கினு கீது சார். எயுப்புனா எய்ந்துக்க மாட்றாரு. ஒதடு ஒரு மாரி நீலமா கீது. நூத்தியெட்டு வண்டியக் கூப்டட்டா?"

"வேணாம்."

"பயமா கீது சார்."

"அது குறட்டை, வேலம்மா. ஒருக்களிச்சுப் படுக்க வை. ஆம்புலன்ஸெல்லாம் கூப்பிட்டு ஊரைக் கூட்டாதே. நான் காலைல பேசறேன்."

"சார், நீங்க ஒரு தபா வந்து..."

போனை அணைத்தேன். ராகேஷ் யாரென்று கேட்டான். வீட்டிலிருந்து, ஒன்றுமில்லை என்றேன். டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது.

சிதம்பரத்தில் போனைத் திறக்கவில்லை. திரும்பும் வழியிலும் திறக்கவில்லை. திருவான்மியூரில் கடைசி முத்திரை வாங்கி, ராகேஷ் என்னைக் கட்டிப்பிடித்து, எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் திறந்தேன். வேலம்மா திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். ஆம்புலன்ஸ் வரும்போது விடிந்திருந்தது. அதற்கு முன்பே மாமா போய்விட்டார்.

மீதி உங்களுக்கே தெரியும். ரத்தத்தில் மருந்து இருந்தது. வீட்டில் அன்றிரவு இருந்தவள் வேலம்மா மட்டும். அவள் என்னை அழைத்ததையும் நான் தடுத்ததையும் உங்களிடம் சொன்னாள். நீங்கள் என்னைக் கூப்பிட்டு, போனில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். 'மாமா நன்றாகத் தூங்குகிறார் என்று சொன்னாள்' என்றேன். பாலில் நான் மாத்திரை கலந்ததைச் சொல்லவில்லை. பக்கத்தில் சான்ட்ரா இருந்தாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை விட எனக்கு மனம் வரவில்லை. வேலம்மாவை நீங்கள் ரிமாண்டுக்கு அனுப்பினீர்கள்.

முந்தாநாள் தமிழ்நிலா வீட்டுக்கு வந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படியிலேயே நின்றது.

"அம்மா உங்களுக்குப் போன் பண்ணி இன்னா சொல்லிச்சு அங்கிள்?"

உங்களிடம் சொன்னதையே அதனிடமும் சொன்னேன்.

"சும்மா தூங்கறாருன்னு சொல்றதுக்கா அந்த நேரத்துல போன் பண்ணும்?" என்று கேட்டது. அழவில்லை. பிறகு இறங்கிப் போய்விட்டது. அதற்கப்புறம் நான் தூங்கவில்லை. பழக்கமானவன்தான், இருந்தாலும் இது வேறு மாதிரி விழிப்பு.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குப் புரிகிறது. மூச்சு இழுக்கிறது என்று அவள் சொன்னபோது எனக்குத் தெரிந்ததா? தெரிந்தது, மேடம். உதடு நீலம் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு நர்ஸின் புருஷனுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை விஷயம் வெளியே வரும் என்றுகூட அப்போது நான் பயப்படவில்லை. அந்த யோசனை பிறகுதான் வந்தது. டீக்கடை வாசலில் நின்றபோது காற்று தெற்கிலிருந்து நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. சிதம்பரம் வரைக்கும் எதிர்காற்றைச் சமாளித்துவிட்டால் போதும், திரும்பும்போது முதுகில் தள்ளிக் கொண்டுபோய்விடும் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன்.

மாமாவைக் கொன்றது நான். வேலம்மா மேல் பழி போட்டதும் நான். அவளை விட்டுவிடுங்கள்.

சான்ட்ராவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது. ஆனால் அவள் அப்பாவை நான் பார்த்துக்கொள்ளவில்லை என்று மட்டும் அவள் நினைத்துவிடக் கூடாது. அன்றைக்குக்கூட, நாக்கு சுட்டுவிடப் போகிறதே என்று, பாலை நன்றாக ஆற்றித்தான் கொடுத்தேன்.