உப்பேரிக்கு நான் கொண்டுபோன எச்சரிக்கை

ஓடுகிறேன். வரப்பு வழுக்குகிறது. புதன்கிழமை, காலை ஏழேகால். முதல் குண்டு விழுந்தாயிற்று. நீளமாக ஒரு சீழ்க்கை. பிறகு தொம்மென்று சத்தம். எதிரே தண்ணீரில் மூன்று மீன் படகுகள்.

"படுத்துக்கோங்கோ! எல்லாரும் கீழே படுத்துக்கோங்கோ!"

கத்துவது தமிழில். பயத்தில் வேறு பாஷை வரவில்லை. கல்கத்தாவுக்குக் கிழக்கே, உப்பேரி என்கிற இந்தச் சதுப்பில் யாருக்குத் தமிழ் புரியும்?

ஜெர்மானியன் சுட்டான் என்று நினைக்க வேண்டாம். அவன் கடல் கடந்து எங்கோ இருந்தான். சுட்டது நம் துரைகள். யுத்தத்துக்குப் போகுமுன் பீரங்கி பழகினார்கள். சதுப்பின் நடுவே இரண்டு ஜில்லாக்களின் எல்லை. வடபாதி, துரைகள் வாத்துச் சுட ஒதுக்கிக்கொண்ட காப்பிடம். ஊர்க்காரன் அங்கே வலை வீசினால் அபராதம். தென்பாதியில் வயல், மீன் பண்ணை, குடிசைகள். பீரங்கிச் சத்தத்தில் வாத்துகள் கலைந்துவிடுமாம். இலக்கைத் தெற்கே தள்ளினார்கள். எப்பேர்ப்பட்ட கருணை.

எச்சரிக்கை நோட்டீஸ் வடக்கு ஜில்லாவுக்கு மட்டும் போயிற்று. தெற்கு வேறு கலெக்டர் கச்சேரியின் பொறுப்பாம். முந்தின நாள்தான் எங்கள் சர்வே ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவுக்கு ஞாபகம் வந்தது.

"ஓய், உமக்குத்தான் பெங்காலி வருமே. நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடும்."

காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்கு வரும். அந்தப் பெருமையில் போனேன்.

வங்காளியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்: கால். பின்னால் வரும் வினைதான் எது என்று காட்டும். 'கால் கோலா பொட்பே' என்றால் நாளை குண்டு விழும். நான் 'கால் கோலா பொடேச்சே' என்றேன். நேற்று குண்டு விழுந்தது. படகுக்காரன் ஹரிபதோ விழுந்து விழுந்து சிரித்தான். "மாத்ராஜி பாபு" என்று ஏதோ சொன்னான். புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆபீஸ் பியூன் பிழையைச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குண்டு விழும் இடங்களைக் குறிக்க என்னை எல்லை மேட்டில் நிறுத்தியிருந்தார்கள். படகுகளைப் பார்த்ததும் ஓடினேன். இரண்டாவது குண்டு ஏழு இருபதுக்கு. மூன்றாவது படகுகளுக்கு நடுவே. அதன் சீழ்க்கை கேட்ட நினைவில்லை.

'முன்தினமே நேரில் எச்சரிக்கப்பட்டது' என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். வேலை போய்விடும் என்று பயம். துரைகள்மேல் துப்புகிறேன். என்மேலும்தான்.

ஹரிபதோ. அவன் மனைவி லொக்கி. அவள் தம்பி. நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத இரண்டு பேர். ஐந்து உயிர், மூன்று படகு. கோப்பில் 'சேதம்: இல்லை' என்று இருக்கிறது. அதை எழுதியதும் நான்தான்.