கயிறு கேட்ட குரல்

ராத்திரின்னு நெனைச்சுக்காதீங்க. பகல். மத்தியானம் மூணு மணி.

நுவரெலியா ஏரியச் சுத்திப் போற ரோடு. அறுபத்தொண்ணாம் வருசம், ஆடி மாசம். ஒரு காரு இல்ல, ஒரு மனுசன் இல்ல. மூடுபனின்னா நம்ம மலையில எறங்குற மாதிரி இல்ல... கைய நீட்டினா சொந்த விரலு தெரியல. சைப்ரஸ் மரத்துலருந்து தண்ணி சொட்டுற சத்தம் மட்டும். டப்... டப்... அந்த ரோட்டுல, தலையில தார் டின்ன வச்சுக்கிட்டு ஒரு பொம்பள தனியா நடந்து வர்றா.

மாயாண்டி, அந்த அடுப்புக் கதவக் கொஞ்சம் சாத்து. கண்ணுல அடிக்குது. ஆங்... நெருங்கி ஒக்காருங்க. கொழுந்து வாடுறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு.

அவ பேரு நாகலெட்சுமி. நம்ம தேயிலை ஸ்டோர்ல வேலை செய்யுற சிவசாமி இருக்கான்ல, அவனோட கூடப் பொறந்த அக்கா. இன்னைக்கு அவன் வேலைக்கு வரல. அதனாலதான் சொல்றேன். இருந்தா சொல்ல விடமாட்டான்.

நாகலெட்சுமியும் அவ புருசன் முத்துலிங்கமும் அந்த ஏரியில படகு பாத்துக்கிட்டு இருந்தாங்க. படகெல்லாம் டவுன்ல கடை வச்சிருந்த ஹலீம் முதலாளியோடது. எட்டுப் படகு. முத்துலிங்கம் சின்ன வயசுல ஒரு வெள்ளக்காரத் தொரைக்குத் துடுப்புப் போட்டுப் பழகினவன். சித்திரை சீசனுக்குக் கொழும்புலருந்து ஆளுங்க வந்து குமியும்போது, அவங்களுக்குப் படகு விடச் சொல்லிக் குடுப்பான். கரையில நின்னுக்கிட்டுக் கத்துவான். "ஒண்ணு... குனி. ரெண்டு... இழு. மூணு... விடு." அந்தக் கரையில நிக்கிறவனுக்கும் கேக்கும். அப்படி ஒரு குரல்.

சீசன் முடிஞ்சா? மழை. ஒரு ஆளு எட்டிப் பாக்காது. முத்துலிங்கம் விடியறதுக்கு முன்னாடியே நானுஓயா ஸ்டேசனுக்கு நடந்துருவான். அங்க கூட்ஸ் பெட்டியில, வெங்காய வாடை அடிக்குற லீக்ஸ் மூட்டை ஏத்துற வேலை. பொழுது சாஞ்சுதான் வருவான். படகு வேலை பூராவும் இவ தலையில.

நாலு படகக் கரையேத்திக் கவுத்துப் போட்டு, பாசியச் சொரண்டி, பலகை இடுக்குல தேங்காநாரத் திணிச்சுத் தார் பூசணும். மத்த நாலையும் தண்ணியிலயே விடணும். மரம் ஒரேயடியாக் காஞ்சா வெடிச்சிரும். ஆனா தண்ணியில கெடந்தா மழை ரொம்பும். காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா டின்னால மோந்து ஊத்தணும். ஒரு நாள் விட்டா படகு முழுகிரும். ஒரு படகு போனாலும், அடுத்த சீசனுக்கு முதலாளி வேற ஆளத்தான் பாப்பாரு. இருக்க எடமும் போயிரும். அந்தப் படகுக் கொட்டகைதான் அவங்களுக்கு வீடு.

தோட்டத்து லயத்த விட்டுட்டு ஏன் இங்க வந்தாங்கன்னு கேப்பீங்க. அக்கரப்பத்தனையில இருந்தவங்கதான். அங்க ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. பதினாறாம் நாளு பேரு வைக்கலாம்னு இருந்தாங்க. பதினோராம் நாளே போயிருச்சு. தேயிலைக்குள்ளயே பொதைச்சாங்க. அதுக்கப்புறம் அந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனா, அந்த எடம் வந்ததும் அவளுக்குக் கை நின்னுரும். கங்காணி கத்துவாரு. இவ நிப்பா. அதான் கெளம்பி வந்துட்டாங்க. புள்ள போயி அப்ப நாலு வருசம் ஆச்சு.

சரி... அன்னைக்கு.

கொட்டகைக்கு வந்து தார் டின்ன எறக்கி வச்சா. தண்ணியில கெடக்குற படகுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். டொக்... டொக்... அந்தச் சத்தத்த வருசக்கணக்கா கேட்டவ. அன்னைக்குச் சத்தத்துல ஒரு கொறை இருந்துச்சு. பனியில ஒண்ணும் தெரியல. தடவித் தடவிப் போய், கட்டுத்தறியில இருந்த கயித்தப் புடிச்சுப் பாத்தா. ஒண்ணு... ரெண்டு... மூணு. நாலாவது இல்ல. ஏழாம் நம்பர் படகு.

மறுபடியும் தடவி எண்ணிப் பாத்தா. மூணுதான்.

அந்த நேரந்தான் ஏரிக்குள்ள கேட்டுச்சு. துடுப்பு மாட்டுற இரும்பு வளையம் தேயுற சத்தம். கிரீச்... சளக். கிரீச்... சளக். கூடவே ஒரு குரல்.

"ஒண்ணு... குனி. ரெண்டு... இழு. மூணு... விடு."

அட, இவருதான்! போன உசுரு திரும்பி வந்துச்சு அவளுக்கு. "என்னங்க? அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

குரல் நின்னுச்சு. அப்புறம், "மண்ணு சரிஞ்சிருச்சாம் நாகு. கூட்ஸ் வரல. வெள்ளனவே வந்துட்டேன்."

"அங்க என்ன பண்றீங்க?"

"படகு அவுந்து போச்சு. புடிக்க வந்தேன். துடுப்பு ஒடஞ்சிருச்சு. கயித்த வீசு."

கொட்டகையில தொங்குன நீளக் கயித்த எடுத்து, ஒரு நுனிய கையில சுத்திக்கிட்டு, குரல் வந்த பக்கம் வீசினா. அதுக்கப்புறந்தான் ரெண்டு விசயம் அவளுக்கு உறைச்சுது. ஒண்ணு, கயிறு தண்ணியில விழுந்த சத்தமே கேக்கல. இன்னொண்ணு... துடுப்பு ஒடஞ்சிருச்சுன்னு சொல்லியும், அந்தக் கிரீச்... சளக்... நிக்கவே இல்ல.

கயிறு விறைச்சுது. அந்தப் பக்கம் யாரோ புடிச்சாச்சு.

"நான் இழுக்கட்டுமாங்க?"

"வேணாம். நீ உள்ள வா. இங்க ஆழமில்ல."

போனா. கணுக்கால்... முட்டி... ஆடி மாசத்து ஏரித் தண்ணி எப்படி இருக்கும்? எலும்புக்குள்ள எறங்குற குளிரு. ஆனா அவள நிறுத்தினது குளிரு இல்ல. வாடை. ஏரின்னா பாசி வாடை அடிக்கும், தார் வாடை அடிக்கும். இது பால் வாடை. புள்ள கக்குன பாலு துணியில காஞ்சு கெடந்தா ஒரு வாடை வருமே... அது. பனியோட பனியா, மூஞ்சிக்கு நேரா.

அப்ப, முதுகுக்குப் பின்னால, ரோட்டுப் பக்கத்துலருந்து யாரோ இருமுனாங்க.

"நாகு! தண்ணியில நின்னுக்கிட்டு என்ன புள்ள பண்ற?"

முத்துலிங்கம் குரல்.

"மண்ணு சரிஞ்சிருச்சாம் நாகு. கூட்ஸ் வரல. வெள்ளனவே வந்துட்டேன்."

அதே வார்த்தை. அதே மாதிரி. ஒரு எழுத்து மாறல.

நாகலெட்சுமி திரும்பல. திரும்ப முடியல. கயிறு சுத்துன கை ஒரு பக்கம் போகுது, கழுத்து அப்படியே நிக்குது. ஏரிக்குள்ளருந்து மெதுவா... "திரும்பாத நாகு. அது நான் இல்ல."

பின்னால இருந்தவன் ஒண்ணும் பேசல. ஒரு வார்த்தை பேசியிருந்தாக்கூட இவளுக்குத் தைரியமா இருந்திருக்கும். முத்துலிங்கம் அப்புறம் ஒரு நாளு சிவசாமிகிட்ட சொன்னானாம். "மச்சான், என் குரல நானே ஏரிக்குள்ளருந்து கேட்டேன். நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. கால் வரல"ன்னு. அது இவளுக்கு எப்படித் தெரியும்? முன்னால பேசுறது ஒண்ணு. பின்னால பேசாம நிக்கிறது ஒண்ணு. நடுவுல இவ.

கயிறு ஒரு இழுப்பு இழுத்துச்சு. இடுப்பு வரைக்கும் போயிட்டா.

என்ன தோணுச்சோ, சத்தமாக் கேட்டா. "நம்ம புள்ள பேரு என்ன?"

பின்னாலருந்து அழுகிற மாதிரி ஒரு குரல் வந்துச்சு. "பேரே வைக்கலயே நாகு... அதப்போய் இப்ப ஏன் கேக்குற?"

நெசந்தான். பேரு வைக்கல. ஊருக்கும் தெரியாது, புருசனுக்கும் தெரியாது. ஆனா அவ மனசுக்குள்ள ஒண்ணு வச்சிருந்தா. புள்ள போன அன்னைக்கு, வெள்ளத் துணியச் சுத்துறதுக்கு முன்னாடி, அது காதுக்குள்ள ஒரே ஒரு தடவ சொன்னா. செத்த புள்ள காதுல. அதுக்கப்புறம் தனியா இருக்கும்போதுகூட வாய் விட்டுச் சொன்னதில்ல.

ஏரிக்குள்ளருந்து பதில் வந்துச்சு.

"செண்பகம்."

...

சிரிக்காத கணேசமூர்த்தி. நீ அவ எடத்துல நின்னு பாரு. அந்தப் பேரு இந்த ஒலகத்துல ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நாகலெட்சுமி. இன்னொருத்தி தேயிலைக்கு அடியில.

அதுக்கப்புறம் யாரும் இழுக்கல அவள. தானாவே நடந்தா. நெஞ்சுக்கு வந்துருச்சு தண்ணி. பனிக்குள்ள படகோட மூக்கு கறுப்பாத் தெரிஞ்சுதாம். கைக்கெட்டுற தூரம். பால் வாடை அப்படியே மூஞ்சில அடிக்குது.

"இங்கதான் இருக்கா. என் மடியில. கைய நீட்டு."

நீட்டுனா. நீட்டுன கை பாதியில நின்னுச்சு. பெத்தவ இல்லையா... அந்தப் பதினோரு நாளு அழுகை அவ காதுலயே இருந்துச்சு. வேற எந்தப் புள்ள அழுதாலும், இது அது இல்லன்னு நாலு வருசமா நெனைச்சுக்கிட்டே இருந்தவ.

"அழச் சொல்லுங்க," அப்படின்னா. "ஒரு தடவ... அழச் சொல்லுங்க. நான் கேக்கணும்."

துடுப்புச் சத்தம் நின்னுச்சு. மரத்துலருந்து சொட்டுற தண்ணிகூட நின்ன மாதிரி இருந்துச்சாம்.

அப்புறம் அழுகை கேட்டுச்சு.

"ங்கா... ங்கா... ங்கா..."

புள்ளக் குரல் இல்ல. முத்துலிங்கம் குரல். ஒரு தடிச்ச ஆம்பளக் குரல்... பச்சப் புள்ள மாதிரி மூச்ச இழுத்து இழுத்து... "ங்கா... ங்கா..."

நாகலெட்சுமி கையிலருந்த கயித்த உதறினா. உதறினதுதான் தாமதம், அது தோலையும் சேத்து உரிச்சுக்கிட்டு உள்ள ஓடுச்சு. திரும்பி விழுந்து எழுந்து, தண்ணியக் குடிச்சு, கரைப் பக்கம் வந்தா. அந்த அழுகையக் கேட்டதுக்கப்புறந்தான் முத்துலிங்கத்துக்குக் கால் வந்துச்சு. பாய்ஞ்சு எறங்கி, அவ முடியப் புடிச்சு இழுத்தான். அவன் மேல லீக்ஸ் வாடை அடிச்சுது. அந்த வாடையில மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ கத்துனா பாருங்க ஒரு கத்து...

ரெண்டு பேரும் கொட்டகையப் பூட்டக்கூட இல்ல. ஈரத்தோடயே டவுனுக்கு ஓட்டம். ஓடும்போது பின்னால, ஏரிக்குள்ள, மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. "ஒண்ணு... குனி. ரெண்டு... இழு..." அவசரமே இல்லாம.

ஹலீம் முதலாளி நல்ல மனுசன். என்ன ஏதுன்னு தோண்டித் துருவல. அவரு சம்சாரம் கமறியா, நாகலெட்சுமிக்கு மாத்துத் துணி குடுத்து, கையில மருந்து போட்டு, கூடவே படுத்துக்கிட்டாங்க. ராத்திரி முழுக்க மழை. தகரக் கூரையில கல்லக் கொட்டுற மாதிரி. கமறியா ரெண்டு தடவ முழிச்சுப் பாத்தாங்களாம். நாகலெட்சுமி தூங்காம, மோட்டுவளையப் பாத்துக்கிட்டு, உள்ளங்கையால காத ரெண்டையும் பொத்திக்கிட்டு இருந்தாளாம்.

அந்த மாசமே ரெண்டு பேரும் ஏரிய விட்டுட்டாங்க. இப்ப அட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்காங்க. அதுக்கப்புறம் ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க. நல்லாத்தான் இருக்காங்க. கையில கயிறு அறுத்த தழும்பு மட்டும் இருக்கு. இதுவரைக்கும் நாகலெட்சுமிக்குத் தெரிஞ்சது.

அவளுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. முத்துலிங்கம் அவகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. சிவசாமிகிட்ட மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவ சொன்னான்.

மறுநா காலையில பனி வெலகி, சுள்ளுன்னு வெயில். ஏழாம் நம்பர் படகு நடு ஏரியில நின்னுச்சு. காத்து அடிக்குது, ஆனா படகு அசையல. ஹலீம் முதலாளியும் முத்துலிங்கமும் வேற படகுல போய்ப் பாத்தாங்க. உள்ள கணுக்கால் தண்ணி. ராத்திரி பெஞ்ச மழை. துடுப்பு ரெண்டும் ஒடையாம, ஒழுங்கா உள்ள இழுத்துப் படுக்க வச்சிருந்துச்சு. ஒக்கார்ற பலகை ஊறிப் போய்க் கறுப்பாக் கெடந்துச்சு.

அந்தப் பலகையில ரெண்டே ரெண்டு எடம் மட்டும் நனையல. வெள்ளையா, காஞ்சு இருந்துச்சு. ஒண்ணு, ஒரு ஆளு குந்துற அகலம்.

பக்கத்துல இன்னொண்ணு. ஒரு சாண்தான் இருக்கும்.

முதலாளி "தொடாத"ன்னு சொல்லிப் பாத்தாரு. முத்துலிங்கம் கேக்கல. அந்தச் சின்ன எடத்துல உள்ளங்கைய வச்சுப் பாத்தானாம்.

வெதுவெதுன்னு இருந்துச்சாம்.