கன்னி மடுவுக்கு வந்த சீட்டு

எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு மீனவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று அவர்கள் ஊரில் வாராவாரம் சீட்டு குலுக்குவார்களாம். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"எனுக்கு இந்த வாட்டி கன்னி மடுவு வந்துகீது மாமு. அங்க லாரிதான் புடிக்கணும்."

"பவர் ஹவுஸ் சாம்பல் கொட்டி மூடி எத்தினி வருசம் ஆவுது. அந்தப் பேர இன்னுமா சீட்டுல போடுறாங்க?"

"போடுறாங்க."

"அப்ப ஒரு வாரம் உனுக்குத் தொயில் இல்ல. அந்தச் சீட்ட எடுத்துட வேண்டியதுதான?"

"அளக்க வந்த ஆபீசரு, பேரு இல்லாத எடத்தயெல்லாம் தரிசுன்னு எய்திக்கினு போனாரு. நாமளே பேர எடுத்துட்டா?"

மற்றவர் கேட்டார்:

"கன்னிக்கு வளையல் வெச்சியா?"

"வெக்காம எறங்குனா கால இயுத்துடுவாளே. காலைல வெச்சேன், லாரி நிக்கிற எடத்துல. வாட்ச்மேன் வந்து யாருக்குன்னு கேட்டான். சொன்னேன்."

"தொரத்துனானா?"

"இல்ல. செருப்பக் கயட்டிட்டு நின்னான்."