நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் மூலை

குடவாசல் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“எங்க வயல்ல நட்டு முடிச்சாச்சு. சனிமூலை மட்டும் இன்னும் நாலு மணி நேரம் தள்ளி இருக்கு.”

“என்னக்கா சொல்றீங்க?”

“சிங்கப்பூர்லேருந்து திருச்சிக்கு ஃபிளைட்ல நாலு மணி நேரம்னுதானே சொல்றாங்க? அங்கேருந்து எம்மவன் வரணும். வருஷா வருஷம் வயலோட வடகிழக்கு மூலையில, அந்தச் சனிமூலையில, முதல் நாத்து அவன் கைதான். அவன் வச்சப்புறந்தான் நடவாளுங்க வயல்ல இறங்குவாங்க.”

“நாலு மணி நேரந்தானேக்கா, வந்துட்டுப் போயிடலாமே?”

“ஃபிளைட்டுக்கு நாலு மணி நேரம். லீவு கிடைக்க எவ்வளவு நேரம்னு அவனுக்கே தெரியல. வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, நாத்துக்கும் வயசாகுது. எத்தனை நாள்தான் பொறுக்கிறது? அந்த மூலையை மட்டும் விட்டுட்டு மத்ததை நட்டுட்டோம். அவனுக்குன்னு ஒரு கட்டு நாத்து தண்ணியில கிடக்கு.”

“அதுவும் முத்திப்போயிடுமேக்கா.”

அதற்குள் மூத்தவரின் மடியிலிருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரில் மகன் பேசினான்.

“அம்மா, லீவு பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா. நடவு ஆரம்பிச்சுட்டீங்களா?”

ஜன்னலுக்கு வெளியே, நட்ட வயல்களெல்லாம் பச்சை பிடித்திருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இல்லப்பா. நம்ம வாய்க்காலுக்கு இன்னும் தண்ணியே வரல. நீ மெதுவா வா.”